குளத்தைப் பார்த்து நின்ற வாசல்

பாஸ்டரய்யா,

இன்று காலை கடையில் மெழுகு காய்ச்சினார்கள். தேன்மெழுகில் தேக்குத் தூளைக் கொட்டி வாணலியில் கிண்டும்போது வெல்லம் லேசாகத் தீய்ந்த மாதிரி ஒரு வாசனை வரும், உங்களுக்குத் தெரியும். பழைய மரத்தில் ஆணி ஓட்டை, கீறல், பூச்சி அரித்த குழி எதுவானாலும் அதை அடைத்து ஒரு துடைப்புத் துடைத்தால் மரம் பிறந்த மேனிக்கு வந்துவிடும். இருபது வருஷமாக என் பிழைப்பு அந்த வாசனையில்தான் ஓடுகிறது. ஆனால் இன்று அது மூக்கில் ஏறியதும் வேலை ஓடவில்லை. ஆசாரியை அடுப்பை அணைக்கச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு டீக் குடிக்கப் போய்விட்டார். நான் நோட்டில் இருந்து நாலு தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பாஸ்டராகக் குடியிருந்த குருமனையின் திறப்புக்குப் போய் வந்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வால்பாறையில் உங்களை மண்ணுக்குள் வைத்து ஒன்றரை வருஷம் ஆகிறது, இதை எங்கே போடுவது என்று எனக்கே தெரியவில்லை. இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பழுது பார்க்கிற வேலை முடிந்துவிட்டது ஐயா. குளக்கரை வீடு நிற்கிறது.

சும்மா நிற்கவில்லை, மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம் எல்லாம் போட்டு அரைத்துப் பூசியிருக்கிறார்கள். சிமென்ட் பூசலாம் என்று சபைக் கமிட்டியில் ரெண்டு பேர் கடைசி வரைக்கும் சண்டை போட்டார்களாம். வெல்லம் போட்ட சுவரில் எறும்பு வரும் என்று பயமுறுத்தினார்களாம். நான் மோந்து பார்த்தேன். ஒரு எறும்பும் இல்லை. மாடிக்குப் போகிற மரப்படியில் நீங்கள் தாண்டிக் குதிக்கிற மூன்றாவது படி இப்போது ஆடவில்லை. மேலே சன்னலைத் திறந்தால் குளம் முழுக்கத் தெரிகிறது. ஆகாயத்தாமரையை வாரி எடுத்திருக்கிறார்கள், நாமக்கோழிகள் அங்கங்கே கறுப்புப் புள்ளி வைத்த மாதிரி மிதந்துகொண்டிருந்தன.

ஒரு குறையும் சொல்லவில்லை என்றால் நான் வியாபாரி இல்லை. மாடியில் மேற்குச் சன்னல் இரண்டின் கதவுகளையும் மாற்றி மாட்டியிருக்கிறார்கள். அதனால்தான் இரண்டும் சிக்கிக்கொண்டு மூட வரவில்லை. நாங்கள் வீட்டைக் கழற்றும்போதே ஒவ்வொரு சட்டத்துக்கும் கதவுக்கும் பின்னால் காவியால் எண் போட்டுவிடுவோம். ஒரு வீட்டில் பத்து சன்னல் இருந்தால் பத்தும் ஒரே அளவாகத் தெரியும், ஆனால் ஒன்றின் கதவு இன்னொன்றில் சேராது. ஐந்தாவதில் ஆறாவதை மாட்டியிருந்தார்கள். புது பாஸ்டரிடம் ஒரு திருப்புளி வாங்கி, நானே கழற்றி மாற்றினேன். வெள்ளை வேட்டியோடு ஸ்டூல் மேல் ஏறி நின்றதைப் பார்த்து வந்திருந்த விருந்தாளிகள் என்னைக் கூலிக்கு வந்த ஆசாரி என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு அம்மா தன் வீட்டுக் கதவையும் வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். விலாசம் வாங்கி வைத்திருக்கிறேன்.

இந்த வீட்டுக்குள் நான் முதன்முதலாக நுழைந்தது இடிப்பதற்கு. அதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. தொண்ணூறுகள் முடிகிற சமயம். ஓடு ஒழுகுகிறது, சுவர் ஊறுகிறது, இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டலாம் என்று அப்போதைய கமிட்டி முடிவு செய்தது. இடிக்கிற வேலை எனக்கு வந்தது. எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. முதலில் கதவு, சன்னல், நிலவு. வாசற்காலை எங்கள் பக்கம் நிலவு என்றுதானே சொல்கிறோம், அதை விட்டுவைத்தால் ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போய்விடும். அப்புறம் ஓடு, கடைசியில் சுவர். நான் முதல் வேலையை முடித்து எல்லாவற்றையும் உக்கடம் கடைக்குக் கொண்டுவந்து சேர்த்த மறுநாள் நீங்கள் மாற்றலாகி வந்து சேர்ந்தீர்கள். வந்ததும் கமிட்டியைக் கூப்பிட்டு, இந்த வீட்டில்தான் குடியிருக்கப் போகிறேன், இடிப்பது நான் போன பிறகு என்று சொல்லிவிட்டீர்கள். வாசலில் கதவு இல்லை. நிலவே இல்லை. சாக்கைத் தைத்துத் தொங்கவிட்டு, மனைவி, மூன்று பிள்ளைகளோடு குடி புகுந்தீர்கள். ஆடெல்லாம் நேராக அடுப்படி வரைக்கும் வந்தது. கமிட்டிக்காரர் ஒருவர் குத்தலாக, பாஸ்டர் வீட்டுக்குள் ஆடுகூடக் கேட்காமல் நுழைகிறது என்றாராம். ஆடு தானாகவே வருகிறதே, மேய்ப்பனுக்கு வேலை மிச்சம் என்றீர்களாம். இதை நீங்கள் என்னிடம் சொன்னதில்லை. அந்தக் கமிட்டிக்காரரே பிறகு எனக்குச் சொல்லிச் சிரித்தார்.

கடைக்கு நீங்கள் வந்த அந்த முதல் திங்கட்கிழமை ஞாபகம் இருக்கிறதா? நான் உங்களை ஃபாதர் என்று கூப்பிட்டேன். "ஃபாதர் இல்லீங்க பாய், பாஸ்டர். ஊட்டுல மூணு உருப்படி இருக்குது, அதுங்களுக்கு மட்டுந்தான் நான் ஃபாதர்" என்றீர்கள். அடுக்கி வைத்த உத்தரத்தின் மேல் துண்டைக்கூட விரிக்காமல் உட்கார்ந்து, டீ வாங்கிக் குடித்துவிட்டு, வீட்டுக் கதவு சன்னலைத் திருப்பித் தரும்படி கேட்டீர்கள். என்னைப் பற்றி உங்களுக்கு அப்போது தெரியாது. தள்ளுவண்டியில் ஒற்றைக் கதவை வைத்துத் தெருத் தெருவாகக் கூவி விற்றுக் கடை போட்டவன் நான். வந்த சரக்கைத் திருப்பிக் கொடுத்துப் பழக்கமில்லை. நாலு திங்கட்கிழமை இழுத்தடித்தேன். நீங்கள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நீங்களோ ஒவ்வொரு வாரமும் வந்து, உங்கள் வீட்டுச் சன்னல்களை ஒரு தடவை தடவிக் கொடுத்துவிட்டு, மழை ஒழுகுவதையும் பிள்ளைகள் படிப்பையும் பேசிவிட்டுப் போனீர்கள். ஐந்தாவது வாரம் வாங்கிய விலைக்கே எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிவிட்டேன். என் வீட்டில் யாரும் நம்பவில்லை.

எல்லாம் என்று சொல்லக்கூடாது. குளத்தைப் பார்த்து நின்ற தலைவாசல் நிலவும் அதன் இரட்டைக் கதவும் அதற்கு முன்பே கிணத்துக்கடவுக் கவுண்டர் ஒருவருக்குப் போய்விட்டது. தென்னந்தோப்புக்காரர், புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். மற்ற சன்னலெல்லாம் கிடைத்த பிறகும் உங்களுக்கு அந்த வாசல்தான் வேண்டும். ஏன் என்று ஒருநாள் சொன்னீர்கள். அந்த நிலவின் வலது காலில், முழங்கால் உயரத்துக்குள், ஆறு கீறல்கள் இருந்தன. குளம் நிரம்பிக் கரை தாண்டி வீட்டுக்குள் வந்த வருஷமெல்லாம், அப்போது அங்கே குடியிருந்த பாஸ்டர் தண்ணீர் நின்ற இடத்தில் உளியால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார். சபையின் பழைய புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்களாம். ஒவ்வொரு தடவையும் கரையோரக் குடிசைக்காரர்களை மாடியில் ஏற்றிப் படுக்க வைத்து, தண்ணீர் வடிந்த பிறகுதான் அனுப்பியிருக்கிறார்கள். ஒரு உயிர் போகவில்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அந்த ஆறு கீறலையும் மெழுகு வைத்து அடைத்து, பாலீஷ் போட்டு, கவுண்டர் தலையில் கட்டியது நான்தான்.

இன்னொன்றும் செய்திருந்தேன். எங்கள் பக்கம் பழைய நிலவு வாங்க வருகிறவர் மரத்தைத் தட்டிப் பார்ப்பதற்கு முன் ஒன்று கேட்பார், "நல்லா வாழ்ந்த ஊடுங்களா?" கேட்காமல் யாரும் வாங்கமாட்டார்கள். கெட்டுப் போன வீட்டு வாசலைக் கொண்டுவந்து தன் வீட்டில் வைப்பார்களா? நாங்களும் ஒரே பதில்தான் வைத்திருப்போம். ரொம்ப நல்லா வாழ்ந்த வீடுங்க. கவுண்டருக்கும் அதைத்தான் சொன்னேன். அந்த வீட்டை இடித்தாயிற்று என்றும் சேர்த்துச் சொன்னேன். நாளை மறுநாள் இடிக்கப் போகிற வீட்டை இடித்தாயிற்று என்று சொல்வது எங்கள் தொழிலில் பொய்யில் சேராது.

ஒரு வியாழக்கிழமை, உங்கள் ஆசையை முறித்துவிடலாம் என்றுதான் அந்தச் சங்கதியைச் சொன்னேன். "நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு கவுண்டரு நிலவு வெக்கறாருங்கய்யா. மஞ்சப் பூசி வெச்ச நிலவ அப்புறம் யாரும் கழட்ட மாட்டாங்க. விட்டுப்போடுங்க."

நீங்கள் டீ கிளாஸைக் கீழே வைத்தீர்கள். "அப்ப இன்னிக்கே போலாங்க பாய்."

மெட்டடோர் வேனை எடுத்துக்கொண்டு பொள்ளாச்சி ரோட்டில் போனோம். வண்டியில் நான் உங்களுக்குப் பாடம் நடத்தினேன். கெஞ்ச வேண்டாம், விலை பேச வேண்டாம், ஆறு தடவை தண்ணீர் புகுந்த வீடு என்ற ஒரு வார்த்தையைச் சொல்லுங்கள், கவுண்டரே தூக்கி வண்டியில் போடுவார் என்றேன். அது பொய்யில்லையே என்று ரெண்டு தடவை கேட்டுக்கொண்டீர்கள். பொய்யில்லை என்றதும் உங்கள் முகத்தில் வந்த சந்தோஷம், பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த பிள்ளை மாதிரி.

தோப்புக்குள் நிலவைப் படுக்க வைத்திருந்தார்கள். ஆசாரி கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார். நீங்கள் யாரையும் கேட்கவில்லை. நேராகப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு ஊக்கை எடுத்து, வலது காலில் அடைத்திருந்த மெழுகைச் சுரண்டினீர்கள். ஒவ்வொன்றாகக் கீறல் வெளியே வந்தது. கவுண்டரும் அவர் சம்சாரமும் வந்து நின்றார்கள்.  நீங்கள் எழுந்து, ஆறு கீறலையும் காட்டி, ஆறு தடவை தண்ணீர் தேடி வந்த வாசல் இது என்று சொன்னீர்கள். சொல்லிவிட்டு என்னைப் பெருமையாகப் பார்த்தீர்கள்.

கவுண்டர் குனிந்து கீறல்களைப் பார்த்தார். பிறகு நிலவின் மேல் கை வைத்தார். "எழுநூறு அடி போரு போட்டேன், புழுதிதானுங்க பறந்துச்சு. தண்ணி தானா நடந்து வந்த வாசலுங்களா இது? ஏனுங்க பாய், இத மொதல்லயே சொல்லிருந்தா இன்னுங் கூடக் குடுத்துருப்பேனே."

போயிற்று. குளத்துக்காரனுக்குத் தண்ணீர் பயம். கிணத்துக்கடவுக்காரருக்கு அது சாமி. இத்தனை வருஷம் வியாபாரம் செய்தும் இந்தப் புத்தி எனக்கு எட்டவில்லை. உங்கள் முகம் அப்படியே விழுந்துவிட்டது. வீட்டு வாசலில் தொங்குகிற சாக்கு எனக்குக் கண்ணில் தெரிந்தது.

அப்போதுதான் கவுண்டரின் சம்சாரம், அந்த அக்கா கேட்டார்கள். என்னைப் பார்த்தல்ல, உங்களைப் பார்த்து. "அந்த ஊடு இப்ப என்னாச்சுங்க?"

நீங்கள் வாயைத் திறக்கவில்லை. நிலவையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். ஒரு வார்த்தை சொன்னால் உங்கள் வாசல் கிடைத்துவிடும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அதை நீங்கள் சொன்னால் நான் பொய்யன். கவுண்டர் சொந்தபந்தம் பத்து வீடு கட்டினால் பத்துக்கும் என்னிடம்தான் மரம் வாங்குவார்கள். அந்தப் பக்கம் பூராவும் என் பேர் நாறிவிடும். இதெல்லாம் ஒரு நொடியில் மனதில் ஓடியது. உங்கள் மௌனம் மட்டும் ஓடாமல் அங்கேயே நின்றது.

"நிக்குதுங்கக்கா," என்றேன். "இடிச்சாச்சுன்னு நாந்தான் சொல்லிப்போட்டேன். ஊடு நிக்குது. வாசல்ல சாக்கு தொங்குது. இவருதான் புள்ளகுட்டியோட உள்ள இருக்கறாரு."

கவுண்டர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை. அக்கா மட்டும் சாதாரணமாகப் புருஷனிடம் சொன்னார்கள். "உசுரோட நிக்கற ஊட்டு வாசலப் பேத்து நம்ம ஊட்டுல வெக்கறதாக்கும்? தண்ணி நாளைக்கு அங்க வந்து, வாசலக் காணோம்னு தேடுமில்ல. வண்டில ஏத்தியுடுங்க."

"ஏத்தியுடறேன். நாளைக்கு ஆறு மணிக்கு எதைய வெக்கறது? இந்த பாயவே நட்டு வெச்சு மஞ்சப் பூசறதா?" என்றார் கவுண்டர்.

முதலில் சிரித்தது ஆசாரி. அப்புறம் அக்கா. அப்புறம் நீங்கள் சிரித்த சிரிப்புக்குத் தோப்பில் இருந்த காக்காயெல்லாம் எழும்பிப் போயிற்று. நானும் சிரித்தேன், வேறு வழி?

உங்கள் வாசலை ஏற்றிக்கொண்டு அன்றைக்கே திரும்ப வந்தோம். கடையில் பின்கட்டில் ஒரு வேங்கை நிலவு இருந்தது. புது மரம், நானே பார்த்து அறுத்து, கட்டப் போகிற என் வீட்டுக்கென்று ரெண்டு வருஷமாகக் காய வைத்திருந்தது. ஒரு பக்கம் நீங்கள், ஒரு பக்கம் நான், தூக்கி வண்டியில் ஏற்றினோம். பொழுது சாய்வதற்குள் கிணத்துக்கடவில் இறக்கிவிட்டோம். இது எந்த வீட்டு நிலவு என்று அக்கா கேட்டபோது, எந்த வீட்டுதும் இல்லை, எனக்கென்று வைத்திருந்தது என்றேன். கவுண்டர் தட்டிப் பார்த்துவிட்டு, காலையில் ரெண்டு பேரும் வந்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னார். திரும்பும்போது வண்டியில் நான் கேட்டேன், ஏன் நீங்கள் சொல்லவில்லை என்று. "நாஞ் சொல்லிருந்தா வாசல் மட்டுந்தானுங்க கெடச்சிருக்கும்" என்றீர்கள். 

மறுநாள் விடியக் கருக்கலில் ஒரு பிளாஸ்டிக் கேனோடு வந்து நின்றீர்கள். உங்கள் குளத்துத் தண்ணீர். அக்கா அதை வாங்கி மஞ்சள் தண்ணீரில் கலந்துதான் வேங்கையைக் கழுவினார்கள். குழியில் நவதானியம் போட்டு, தூக்குவதற்குக் கவுண்டர் நம்மையும் கை வைக்கச் சொன்னார். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள், நான் பிஸ்மில்லா சொன்னேன், கவுண்டர் தன் குலதெய்வத்தைக் கூப்பிட்டார். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், நூல் பிடித்த மாதிரி நின்றது. அந்த போரில் தண்ணீர் வந்ததா என்று பிறகு நீங்கள் அடிக்கடி கேட்பீர்கள். இன்னும் அதே புழுதிதான் ஐயா. ஆனால் பக்கத்துக் கிணறு முன்னைப்போல வற்றுவதில்லை என்று கவுண்டர் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் மறுத்துப் பேசுவதில்லை. அவர் பக்கத்தில் அதற்கப்புறம் ஒன்பது வீட்டுக்கு மரம் கொடுத்துவிட்டேன்.

நீங்கள் வாசலைப் பொருத்திக் குடியிருந்தது மூன்று மழைக்காலம். ஒரு ஐப்பசியில் குளம் ததும்பி வந்து வெளிப் படிக்கட்டில் மூன்றாவது படியோடு நின்றுவிட்டது. உளியும் கையுமாக வாசலில் காத்திருந்தேன், கோடு போட விடாமல் திரும்பிப் போய்விட்டது என்று குறைப்பட்டுக்கொண்டீர்கள். வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை என்று வருத்தப்பட்ட ஒரே ஆள் நீங்கள்தான். அப்புறம் வால்பாறைக்கு மாற்றல் வந்தது. எஸ்டேட் தொழிலாளர் லயத்திலிருந்து லயத்துக்கு அட்டைக்கடியோடு நடப்பதாகவும், அங்கே சபைக் கோயில் கதவு நல்ல மரம், வந்து பார்த்தால் நான் விலை பேசிவிடுவேன், அதனால் வரவேண்டாம் என்றும் கார்டு போட்டீர்கள். நான் வந்தபோது நீங்கள் அந்தக் கோயிலுக்குள் பெட்டியில் படுத்திருந்தீர்கள். கதவைப் பார்த்தேன். நல்ல மரம்தான்.

மறுபடி போன ஞாயிற்றுக்கிழமைக் கதைக்கே வருகிறேன். கூட்டம் கலைந்த பிறகு கவுண்டரும் அக்காவும் வந்து சேர்ந்தார்கள். நான்தான் வரச்சொல்லியிருந்தேன். பஸ் தாமதம். கவுண்டர் ஒரு குலை இளநீரோடு குளத்தங்கரையில் நின்று, இவ்வளவு தண்ணீரையும் இந்தக் கோழிகளுக்கு விட்டு வைத்திருக்கிறார்களே என்று பொருமிக்கொண்டிருந்தார். அக்கா மட்டும் படியேறி வாசலுக்கு வந்தார்கள். குனிந்து ஆறு கீறலையும் விரலால் தொட்டார்கள். எண்ணிப் பார்த்தார்கள். மெழுகு ஒரு துளியும் இல்லை. ஊக்கால் நீங்கள் சுரண்டிய தடம்கூட அப்படியே இருக்கிறது.

நிமிர்ந்து என்னைப் பார்த்து, பழைய சிரிப்போடு கேட்டார்கள். "ஏனுங்க பாய், நல்லா வாழ்ந்த ஊடுங்களா?"

கிணத்துக்கடவுக்குப் போய் வந்த பிறகு இந்தக் கேள்விக்கு நான் அந்தப் பழைய பதிலைச் சொல்வதில்லை. தெரியாத வீட்டுக்குத் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன். அப்படிச் சொல்லிப் போன வியாபாரம் உண்டு. நேற்றுக்கூட ஒருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார். அந்தக் கடைக்காரன் ரொம்ப நல்லா வாழ்ந்த வீடுங்க என்று சொன்னது எனக்கு இங்கே கேட்டது. உங்களைத் திட்டிக்கொண்டுதான் டீ குடித்தேன்.

ஆனால் அன்று அக்காவுக்குப் பதில் சொல்ல நான் யோசிக்கவே இல்லை.

"வாழ்ந்த ஊடுதானுங்கக்கா. வாழ்ந்தவரை எனக்குத் தெரியும்."